பலூனுக்குள் போன அலுமினியம்

பாயான் லெப்பாசில் குடியிருப்பவர்களுக்கு வானத்தில் ஏறும் பொருள்கள் இரண்டு நன்றாகப் பழக்கமானவை. ஒன்று விமானம். பினாங்குத் தீவின் விமான நிலையம் 1935-ஆம் ஆண்டு முதல் எங்கள் ஊரில்தான் இருக்கிறது. இன்னொன்று, வெளிர் நிறத்தில் உருண்டு திரண்ட ஒரு பெரிய பலூன். விமான நிலையத்தில் உள்ள வானிலை நிலையம் விடுகிற பலூன் அது. உலக வானிலை அமைப்பின் பட்டியலில் அந்த நிலையத்தின் எண் 48601.

அந்தப் பலூனின் அடியில் ஒரு சிறிய பெட்டி தொங்கும். அதற்கு ரேடியோசோண்டு என்று பெயர். வெப்பம், ஈரப்பதம், காற்று வீசும் திசை, வேகம் ஆகியவற்றை அளந்து வானொலி அலையில் கீழே அனுப்பிக்கொண்டே போகும். பலூன் நிமிடத்திற்கு ஏறக்குறைய 300 மீட்டர் ஏறும். மேலே போகப் போக வெளியே காற்றழுத்தம் குறையும். பலூன் விரிந்துகொண்டே போய், சுமார் 30 கிலோமீட்டர் உயரத்தில் வெடித்துவிடும். உலகம் முழுவதும் நூற்றுக்கணக்கான நிலையங்கள் ஒரே வேளையில் இப்படிப் பலூன் விடுவது வழக்கம். கிரீன்விச் கணக்கில் 0 மணி, 12 மணி. நமக்கு அது காலை 8, இரவு 8. நாளைக்கு மழை வருமா என்று நாம் கைத்தொலைபேசியில் பார்க்கிறோமே, அந்தச் செய்திக்குப் பின்னால் இந்தப் பலூன்களும் இருக்கின்றன. 2017 நவம்பர் 4, 5 ஆகிய இரு நாள்களில் பினாங்கைப் புரட்டிப்போட்ட மழை வெள்ளத்தைக் கண்டவர்களுக்கு, வானத்தை அளப்பது எவ்வளவு அவசியம் என்று நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

இத்தகைய பலூன்களைத் தூக்கிச் செல்பவை இரண்டு வாயுக்கள்: ஹைட்ரஜன் அல்லது ஹீலியம். ஒரு லிட்டர் காற்று 0 பாகை வெப்பத்தில் 1.29 கிராம் எடை இருக்கும். அதே அளவு ஹீலியம் 0.18 கிராம், ஹைட்ரஜன் 0.09 கிராம்தான். ஹீலியம் எரியாது, நல்ல பிள்ளை. ஆனால் அது பூமிக்கடியில் இயற்கை எரிவாயுவோடு கலந்து கிடைப்பது, பிரித்தெடுத்துக் கொண்டுவர வேண்டும், விலை அதிகம். ஹைட்ரஜன் எரியும் குணம் உடையது. ஆனால் அதைத் தேடி எங்கும் போக வேண்டியதில்லை. நம் வீட்டுக் குழாய்த் தண்ணீரிலேயே எடையில் ஒன்பதில் ஒரு பங்கு ஹைட்ரஜன்தான்.

தண்ணீரில் இருப்பதை எப்படி வெளியே எடுப்பது? அதற்கு என்ன விலை? அந்த விலையை யார் கொடுக்கிறார்கள்? வேதியியல் மாணவியாக நான் இந்தக் கேள்விகளைப் புத்தகத்தில் படித்தேன். அதற்கு முன்பே எங்கள் வீட்டுக் கொல்லையில் அதைப் பார்த்திருந்தேன்.

மாமாவின் தோம்பு

என் தாய்மாமா தென் செபராங் பிறையில் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். தோட்டம் கைமாறியதும் தீவுக்கு வந்து எங்களோடு தங்கினார். 1972-ல் தொடங்கப்பட்ட பாயான் லெப்பாஸ் சுதந்திர வாணிப வட்டாரத்தில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் அம்மாவுக்கு வேலை. மாமா மூன்றாம் ஆண்டு வரை மட்டுமே தமிழ்ப்பள்ளியில் படித்தவர். தொழிற்சாலையில் அவருக்கு இடம் கிடைக்கவில்லை. பகலில் ஒரு பழைய சாமான் கடையில் இரும்பும் தகரமும் பிரித்துப் போடுவார். மாலையில் பாசார் மாலாமில் பலூன் விற்பார். தைப்பூசம் வந்துவிட்டால் தண்ணீர்மலை அடிவாரத்தில் இரண்டு நாளும் இரவு பகலாக நிற்பார்.

அவர் விற்றது மேலே பறக்கும் பலூன். அதற்கு வேண்டிய வாயுவை அவரே தயாரித்தார். கடையில் கிடைத்த காலிப் பானக் குவளைகள்தான் மூலப்பொருள். அந்த அலுமினியத்தோடு ‘சோடா அப்பி’யும் தண்ணீரும் சேரும். காஸ்டிக் சோடாவுக்கு நம் ஊரில் அதுதான் பெயர். மலாயில் ‘அப்பி’ என்றால் நெருப்பு. பெயர் வைத்தவர் தெரிந்துதான் வைத்திருக்கிறார்.

மூடி போட்ட ஒரு கனத்த இரும்புப் பாத்திரம். அதை நீர் நிறைந்த ஒரு பெரிய தோம்புக்குள் இறக்கி வைத்திருப்பார். பாத்திரத்திலிருந்து புறப்படும் ரப்பர்க் குழாய் ஒரு தண்ணீர்ப் போத்தல் வழியாகப் போய்ப் பலூன் வாயில் முடியும். எதை எவ்வளவு போட்டார் என்பதை நான் இங்கே எழுதப்போவதில்லை. இது யாரும் வீட்டில் செய்து பார்க்கக் கூடிய காரியம் அன்று. ஏன் என்று கீழே வருகிறது.

குவளைத் தகரம் தண்ணீரில் கிடந்தால் ஒன்றும் ஆவதில்லை. சோடாவைச் சேர்த்ததும் மட்டும் ஏன் பொங்குகிறது என்று நான் ஒருநாள் கேட்டேன். மாமா சொன்னார்:

“தகரத்துக்கு மேல ஒரு தோலு இருக்கும்மா. கண்ணுக்குத் தெரியாது. சோடா அந்தத் தோல உரிச்சிரும். அப்புறம் தகரம் சும்மா இருக்காது, தண்ணியக் கடிக்க ஆரம்பிச்சிரும்.”

பல ஆண்டுகள் கழித்துப் பல்கலைக்கழக விரிவுரையில் இதையே வேறு சொற்களில் கேட்டேன். அலுமினியம் காற்றுப் பட்டவுடனே ஆக்சிஜனோடு சேர்ந்து தன்மேல் ஓர் ஆக்சைடு படலத்தைப் போர்த்திக்கொள்கிறது. அந்தப் படலம் ஒரு மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் சில பங்கு தடிப்புத்தான். ஆனாலும் அதைத் தாண்டித் தண்ணீர் உள்ளே போக முடியாது. காரம் அந்தப் படலத்தைக் கரைத்துவிடுகிறது. பிறகு நடப்பது இது:

அலுமினியம் + சோடியம் ஹைட்ராக்சைடு + தண்ணீர் → சோடியம் அலுமினேட் + ஹைட்ரஜன்

விரிவுரையாளர் சொன்னதில் மாமா சொல்லாதது இந்தச் சமன்பாடு ஒன்றுதான்.

இன்னொன்றும் மாமாவுக்குத் தெரிந்திருந்தது. இந்த வினை தானே சூட்டைக் கிளப்பும். சூடு ஏற ஏற வினையின் வேகமும் ஏறும். வேகம் ஏறினால் இன்னும் சூடு. அதனால்தான் பாத்திரத்தைத் தண்ணீர்த் தோம்புக்குள் வைத்தார். அதனால்தான் தகரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டார். குழாயை இடையில் தண்ணீர்ப் போத்தலுக்குள் விட்டது, வாயுவோடு வரும் காரத் துளிகள் பலூனுக்குள் போகாமல் தடுக்க. எல்லாம் கொல்லையில் திறந்த வெளியில்தான். சுருட்டுப் பிடிக்கும் பக்கத்து வீட்டுத் தாத்தா வந்தால் கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பிவிடுவார். யாரும் அவருக்குப் பாடம் எடுக்கவில்லை. பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டது.

1988 தைப்பூசத்திற்கு முந்திய வாரம், நான் ஆறாம் ஆண்டு மாணவி. அன்று குவளைகளுக்குப் பதிலாக ஒரு சாக்கு நிறைய அலுமினியச் சீவல்கள் வந்திருந்தன. பட்டறையில் கடைசல் பிடிக்கும்போது சுருள் சுருளாக விழுமே, அவை. எடை ஒன்றாக இருந்தாலும், சீவலில் சோடா படும் பரப்பு குவளைத் துண்டைவிடப் பல மடங்கு அதிகம். வழக்கமான அளவில் போட்டதற்கு வழக்கமில்லாத வேகத்தில் பொங்கியது. மூடி தூக்கிக்கொண்டு, கொதிக்கிற காரக் கரைசல் மாமாவின் முகத்தில் அடித்தது.

அத்தை தோம்புத் தண்ணீரையே அள்ளி அள்ளி ஊற்றினார். கூடியவர்களில் ஒருவர், “தண்ணி படக்கூடாது, எண்ணெய தடவுங்க” என்றார். அத்தை கேட்கவில்லை. அதனால் வலது கண் தப்பியது என்று மருத்துவர் பிறகு சொன்னார். இடது கண் போய்விட்டது.

சோடா வந்த பையை அன்று மாலை நான் எடுத்துப் பார்த்தேன். ஒரு மண்டையோட்டுப் படம். அதன்கீழ் இரண்டு மொழிகளில் எழுத்துகள். மாமாவுக்கு இரண்டுமே படிக்க வராது. மண்டையோடு என்றால் குடித்தால் சாவு என்று அவர் புரிந்துகொண்டிருந்தார். குடிக்கிற பொருளா அது? அதனால் தமக்கு ஆபத்தில்லை என்றிருந்தார். கண்ணைப் பற்றி அந்தப் படம் அவருக்கு எதுவும் சொல்லவில்லை.

அமிலமும் உலோகமும்

இடைநிலைப்பள்ளியில் ஹைட்ரஜனை நாம் எல்லாரும் தயாரித்திருக்கிறோம். சோதனைக் குழாயில் துத்தநாகத் துண்டு, அதன்மேல் நீர்த்த அமிலம், எரியும் குச்சியை வாயருகே கொண்டுபோனால் ‘பொப்’ என்று ஒரு சத்தம். அந்தச் சத்தத்திற்கு வயது முந்நூறுக்கும் மேல். 1671-ல் ராபர்ட் பாயில் இரும்புத் தூளில் அமிலத்தை ஊற்றி, எழுந்த ஆவி தீப்பற்றுவதை எழுதி வைத்தார். 1766-ல் ஹென்றி கேவண்டிஷ் இது தனியொரு வாயு என்று காட்டினார்.

ஒரு கிராம் ஹைட்ரஜன், அதாவது நம் அறை வெப்பத்தில் ஏறத்தாழ 12 லிட்டர் வாயு, வேண்டுமென்றால் எவ்வளவு உலோகம் செலவாகும்? கணக்குப் போட்டால் இப்படி வரும்: துத்தநாகம் 33 கிராம், இரும்பு 28 கிராம், மக்னீசியம் 12 கிராம், அலுமினியம் 9 கிராம். மாமா ஏன் அலுமினியத்தைப் பிடித்துக்கொண்டார் என்பதற்கு இந்த நான்கு எண்களே போதும். அவருக்கு எண்கள் தெரியாது. எதைப் போட்டால் அதிகப் பலூன் நிறையும் என்று தெரியும்.

இரும்பின் கதையில் ஒரு சுவையான நிகழ்ச்சி உண்டு. 1783 ஆகஸ்டு 27-ஆம் நாள் பாரிஸ் நகரில் ஜாக் சார்ல் என்பவர் முதல் ஹைட்ரஜன் பலூனை ஆளில்லாமல் பறக்கவிட்டார். ரப்பரைக் கற்பூரத் தைலத்தில் கரைத்துப் பட்டுத்துணிமேல் பூசிச் செய்த பலூன் அது. அதை நிரப்ப ஏறத்தாழ அரை டன் இரும்பும் கால் டன் கந்தக அமிலமும் தேவைப்பட்டன. நிரப்புவதற்கே நாள்கணக்கில் ஆயிற்று. வினையின் சூட்டோடு வந்த வாயு பலூனுக்குள் குளிர்ந்து சுருங்கிவிட்டதும் ஒரு காரணம். கடைசியில் பறந்து கொனெஸ் என்ற சிற்றூரில் விழுந்தது. பூதம் வந்துவிட்டது என்று பயந்த கிராமத்தார் கவைக்கோலால் குத்திக் கிழித்துவிட்டார்கள்.

பதினோராண்டுகள் கழித்து, பிரெஞ்சுப் படை 1794-ல் வேவு பார்க்கப் பலூன் விட விரும்பியபோது கந்தக அமிலம் கிடைக்கவில்லை. கந்தகம் முழுவதும் வெடிமருந்துக்குப் போய்க்கொண்டிருந்தது. அதனால் வேறு வழிக்குப் போனார்கள்: செந்தணலாகக் காய்ச்சிய இரும்புக் குழாய்களுக்குள் நீராவியைச் செலுத்தினார்கள். இரும்பு நீராவியிலுள்ள ஆக்சிஜனைப் பிடித்துக்கொண்டு துருவைப்போன்ற ஆக்சைடாகும். ஹைட்ரஜன் தனியே வெளிவரும். அமிலம் மிச்சம், அதற்கு ஈடாக அடுப்புக்கு எரிபொருள் செலவு. ஒன்றை மிச்சம் பிடித்தால் இன்னொன்றில் கொடுத்தாக வேண்டும் என்பது அன்றே தெரிந்துவிட்டது.

கையேட்டில் கண்ட மாமா

பல்கலைக்கழக நூலகத்தில் ஒருநாள் உலக வானிலை அமைப்பின் கருவிகள் பற்றிய கையேட்டைப் புரட்டினேன். பலூனுக்கு வாயு தயாரிக்கும் முறைகளைப் பட்டியலாகக் கொடுத்திருந்தார்கள். ஃபெரோசிலிக்கன், காஸ்டிக் சோடா, தண்ணீர், அலுமினியம், காஸ்டிக் சோடா, தண்ணீர், கால்சியம் ஹைட்ரைடும் தண்ணீரும், மக்னீசியமும் இரும்பும் கலந்த வில்லைகளும் தண்ணீரும், அமோனியாவைச் சூடான வினையூக்கியில் பிரிப்பது, மெத்தனாலும் தண்ணீரும், கடைசியாகத் தண்ணீரை மின்சாரத்தால் பிரிப்பது.

இரண்டாவது வரியில் என் கண் நின்றுவிட்டது. எங்கள் கொல்லைத் தோம்பு உலகக் கையேட்டில் இருக்கிறது! தொலைவான தீவுகளிலும் மலைகளிலும் எத்தனையோ வானிலை ஊழியர்கள் மாமா செய்த அதே வினையைச் செய்து பலூன் விட்டிருக்கிறார்கள். தாமே தட்டுத்தடுமாறிக் கண்டுபிடித்துக்கொண்டவர் என்று நாங்கள் நினைத்த ஒருவர், ஓர் உலகத் தொழிலின் உறுப்பினராக இருந்திருக்கிறார்.

அதே பக்கத்தில் எச்சரிக்கையும் இருந்தது. இந்த வினைகளைக் கட்டுப்படுத்தாவிட்டால் சூடும் அழுத்தமும் மிகும்; எஞ்சும் கழிவும் அரிக்கும் தன்மை உடையது; காஸ்டிக் சோடாவைக் கையாளுபவர் தக்க பாதுகாப்பு அணிய வேண்டும், குறிப்பாகக் கண்களுக்கு. கரைசல் தெறிப்பது மட்டுமின்றி, பொடியைக் கொட்டும்போது எழும் தூசிகூடக் கண்ணில் படக்கூடாது. ‘குறிப்பாகக் கண்களுக்கு’ என்ற இடத்தை நான் எத்தனை முறை படித்தேன் என்று நினைவில்லை. இரண்டு வெள்ளிக்குக் கிடைக்கும் ஒரு பிளாஸ்டிக் மூக்குக்கண்ணாடி போதும். அந்த வரி மாமாவின் மொழியில் அவர் கைக்கு வந்து சேரவில்லை, அவ்வளவுதான்.

யார் கணக்கில் எழுதுவது?

வேதியியல் படித்ததனால் எனக்குக் கிடைத்த பெரிய பாடம் இது: ஹைட்ரஜனை யாரும் இலவசமாகத் தயாரிப்பதில்லை. தண்ணீரில் ஹைட்ரஜன் ஆக்சிஜனோடு இறுகப் பிணைந்திருக்கிறது. அந்தப் பிணைப்பை அறுக்க ஆற்றல் வேண்டும். அலுமினியத்தைப் போட்டதும் வாயு தானே கொப்பளித்து வருவதைப் பார்த்தால் சும்மா கிடைப்பதுபோல் தோன்றும். உண்மையில், அந்த ஆற்றலை யாரோ முன்பே அலுமினியத்தில் போட்டு வைத்திருக்கிறார்கள். வங்கியில் ஒருவர் கட்டிய பணத்தை இன்னொருவர் எடுப்பதுபோல.

அலுமினியத்தைத் தாதுவிலிருந்து பிரிக்க ஒரு கிலோவுக்கு ஏறக்குறைய 14 கிலோவாட் மணி மின்சாரம் செலவாகிறது. ஒரு கிலோ ஹைட்ரஜனுக்கு 9 கிலோ அலுமினியம். ஆக ஏறக்குறைய 126 கிலோவாட் மணி. நேரடியாகத் தண்ணீரை மின்சாரத்தால் பிரித்தால் அதே ஒரு கிலோ ஹைட்ரஜனுக்கு 50 முதல் 55 கிலோவாட் மணி போதும். அந்த ஹைட்ரஜனை எரித்தால் திரும்பக் கிடைப்பது 39 கிலோவாட் மணிதான். மாமா பயன்படுத்தியது குப்பைக்குப் போக இருந்த குவளை. அதில் தங்கியிருந்த ஆற்றலைக் கொஞ்சம் மீட்டார் என்று சொல்லலாம். ஆனால் புதிய அலுமினியத்தை இதற்கென்று உருக்கினால் அது பட்டு வேட்டியைக் கிழித்து விளக்குத் திரி போட்ட கதைதான்.

அந்த மின்சாரமும் எங்கிருந்தோ வரவேண்டும். இன்று நம் நாட்டின் பெரிய அலுமினிய உலைகள் சரவாக்கில் இருக்கின்றன. அங்கே மின்சாரம் அணைகளிலிருந்து வருகிறது. 2,400 மெகாவாட் திறன் கொண்ட பாக்குன் அணைக்காக ஏறத்தாழ 10,000 பூர்வகுடி மக்கள் தங்கள் ஆற்றங்கரையை விட்டுப் போனார்கள். ஒரு வினையின் சமன்பாட்டில் இடப்பக்கம் எழுதாமல் விட்ட பொருள்கள் எத்தனையோ!

தொழிற்சாலைகளின் கதை வேறு. உலகம் 2023-ல் பயன்படுத்திய ஹைட்ரஜன் ஏறத்தாழ 97 மில்லியன் டன் என்று அனைத்துலக எரிசக்தி முகமை கணக்கிட்டது. இதில் மிகப் பெரும்பகுதி இயற்கை எரிவாயுவிலிருந்தும் நிலக்கரியிலிருந்தும் வருகிறது. எரிவாயுவில் உள்ள மீத்தேனை நீராவியோடு சேர்த்து, 700 பாகைக்கு மேல் சூடாக்கி, நிக்கல் வினையூக்கியின் மேல் செலுத்துவார்கள். ஹைட்ரஜனும் கார்பன் மோனாக்சைடும் கிடைக்கும். மோனாக்சைடை மறுபடியும் நீராவியோடு சேர்த்தால் இன்னும் கொஞ்சம் ஹைட்ரஜன். கூடவே கார்பன் டைஆக்சைடு. ஒரு கிலோ ஹைட்ரஜனுக்கு ஒன்பது, பத்துக் கிலோ கார்பன் டைஆக்சைடு வானத்திற்குப் போகிறது.

இதைக் குறை சொல்லிவிட்டு நகர்ந்துவிடவும் முடியாது. அந்த ஹைட்ரஜனை நைட்ரஜனோடு சேர்த்துத்தான் அமோனியா செய்கிறார்கள், அமோனியாவிலிருந்து யூரியா. கெடா மாநிலத்தின் குரூனில் உள்ள உரத் தொழிற்சாலையிலும் யூரியா இயற்கை எரிவாயுவிலிருந்தே பிறக்கிறது. நாம் பசியாறும் சோற்றில், செம்பனைத் தோட்டத்தில் நம்மவர் தூவும் உரத்தில், இந்த ஹைட்ரஜன் இருக்கிறது. அம்மா வேலை பார்த்த தொழிலிலும் உண்டு. மின்னணுப் பாகங்களைச் சூடாக்கும் உலைகளில் உலோகம் கறுத்துப்போகாமல் இருக்க, நைட்ரஜனோடு சிறிது ஹைட்ரஜனைக் கலந்து செலுத்துவது அந்தத் தொழிலில் பரவலான முறை. பலூன் விற்ற தம்பிக்கும் பாகங்கள் செய்த அக்காவுக்கும் சோறு போட்டதில் ஒரே வாயுவுக்குப் பங்கு இருந்திருக்கிறது.

இப்போது ‘பசுமை ஹைட்ரஜன்’ என்று பேசுகிறார்கள். சூரிய ஒளி, காற்று, நீர்வீழ்ச்சி ஆகியவற்றின் மின்சாரத்தால் தண்ணீரைப் பிரித்தால் கரி சேராது என்பது அதன் அடிப்படை. தண்ணீரை மின்சாரத்தால் பிரிப்பது 1800-லேயே நிக்கல்சன், கார்லைல் ஆகிய இருவர் செய்து காட்டியதுதான். நம் நாட்டில் 2019-ல் கூச்சிங்கில் ஹைட்ரஜன் தயாரித்து வாகனங்களுக்கு நிரப்பும் நிலையம் திறக்கப்பட்டது. 2023 அக்டோபரில் அரசாங்கம் ஹைட்ரஜன் பொருளாதாரத்திற்கான திட்ட வரைவை வெளியிட்டது. நல்ல காரியம். வேதியியலும் பொறியியலும் படிக்கும் நம் மாணவர்களுக்கு இதில் வேலை வாய்ப்பும் உண்டு. ஆனால் அந்தக் கூடங்களில் உட்காரும் நம் பிள்ளைகள் மூன்று கேள்விகளை மறக்கக் கூடாது என்று நினைக்கிறேன். இதற்கு வேண்டிய ஆற்றல் எங்கிருந்து வருகிறது? வாயு போன பிறகு பாத்திரத்தில் என்ன மிஞ்சுகிறது? பாத்திரத்தின் பக்கத்தில் நிற்பது யார்?

பெயரும் எச்சரிக்கையும்

மொழிக் கழகத்து மலரில் எழுதுவதால் மொழியைப் பற்றியும் ஒரு வார்த்தை. இந்த வாயுவை எரித்தால் தண்ணீர் உண்டாகிறது என்று 1783-ல் லவாய்சியர் விளக்கினார். அதனால்தான் ‘நீரை உண்டாக்குவது’ என்று பொருள்படும் கிரேக்கச் சொற்களிலிருந்து ஹைட்ரஜன் என்ற பெயர் வந்தது. ஜெர்மானியர் ‘நீர்ப்பொருள்’ என்கிறார்கள். சீன மொழியில் இதற்கு எழுதும் எழுத்து, ‘லேசானது’ என்ற சொல்லிலிருந்து பிறந்தது என்று என் விடுதித் தோழி சொன்னாள். தமிழில் நீரகம் என்றார்கள். நீரியம், நீர்வளி என்றும் சொன்னவர்கள் உண்டு. இலங்கையில் ஐதரசன் என்று எழுதுகிறார்கள். எனக்கு நீரகம் பிடிக்கும். நீருக்குள் குடியிருப்பது என்றும் அதைப் படிக்கலாம் அல்லவா?

கலைச்சொல்லைப் பற்றி நாம் எத்தனையோ கருத்தரங்கு நடத்தியிருக்கிறோம். இன்னும் நடத்த வேண்டும். ஆனால் சோடா அப்பி மூட்டையின்மேல் நீரகம் என்று எழுதியிருந்தாலும் ஹைட்ரஜன் என்று எழுதியிருந்தாலும் மாமாவின் கண் தப்பியிருக்காது. ‘கண்ணில் பட்டால் குருடாகும், உடனே தண்ணீரால் கழுவு’ என்ற ஐந்தாறு சொற்கள் இருந்திருந்தால் ஒருவேளை தப்பியிருக்கலாம். அந்தச் சொற்களுக்குப் புதிய கலைச்சொல் எதுவும் தேவையில்லை. மூன்றாம் ஆண்டுத் தமிழே போதும்.

நம் நாட்டில் 2013-ஆம் ஆண்டு விதிமுறைகள்படி அபாயகரமான இரசாயனப் பொருள்களின் சீட்டில் மலாயிலும் ஆங்கிலத்திலும் எச்சரிக்கை எழுத வேண்டும். அது சட்டம், அதைத் தாண்டி யாரையும் நாம் கட்டாயப்படுத்த முடியாது. ஆனால் நாமே எழுதிக் கொடுக்கலாம். சோடா அப்பி இன்றும் பல வீடுகளில் அடைத்த சாக்கடைக் குழாயைத் திறக்கப் பயன்படுகிறது. அதை அலுமினியச் சட்டியில் கரைக்கக் கூடாது. கரைத்தால் மாமாவின் பாத்திரத்தில் நடந்தது நம் சமையலறையில் நடக்கும். சோடாவின்மேல் தண்ணீரை ஊற்றாமல், தண்ணீரில் சோடாவைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும். கண்ணில் பட்டுவிட்டால் எண்ணெய், எலுமிச்சை, வினிகர் எதுவும் வேண்டாம். ஓடும் தண்ணீரில் இருபது நிமிடமாவது கழுவிக்கொண்டே இருந்து, மருத்துவமனைக்குப் போக வேண்டும். அலுமினியமும் காரமும் சேர்ந்த இடத்தில் நெருப்புப் பொறி கூடாது. காற்றில் நூற்றுக்கு 4 பங்கு ஹைட்ரஜன் கலந்தாலே அது தீப்பற்றும். பகல் வெளிச்சத்தில் அதன் சுடர் கண்ணுக்குச் சரியாகத் தெரியாது. 2012 மே மாதம் ஆர்மேனியாவின் எரெவான் நகரில் ஒரு கூட்டத்தில் ஹைட்ரஜன் பலூன்கள் தீப்பிடித்து நூற்றுக்கு மேற்பட்டவர்கள் காயமடைந்தார்கள். விளையாட்டுப் பலூன்தான் அதுவும்.

இவற்றை ஒரு பக்கத்தில் பெரிய எழுத்தில் அச்சிட்டு, கோயில் அறிவிப்புப் பலகையிலும் பழைய சாமான் கடைகளிலும் ஒட்ட எவ்வளவு செலவாகும்? ஒரு முத்தமிழ் விழாவின் மாலை மரியாதைச் செலவுகூட ஆகாது. வேதியியல், மருந்தியல், பொறியியல் படிக்கும் கழக உறுப்பினர்கள் ஒரு வார இறுதியில் செய்து முடிக்கக்கூடிய வேலை.

மாமா அந்த விபத்துக்குப் பிறகு வாயு தயாரிப்பதை விட்டுவிட்டார். கைப்பம்பால் காற்றடித்த பலூனைக் குச்சியில் கட்டி விற்றார். நான் பல்கலைக்கழகத்தில் வேதியியல் எடுத்த செய்தியைச் சொன்னபோது ஒற்றைக் கண்ணால் சிரித்துவிட்டு, “சோடா எல்லாம் இருக்குமே அங்க, கண்ணாடி குடுப்பாங்களா?” என்றுதான் முதலில் கேட்டார். கொடுப்பார்கள் என்றேன். பழைய தொழிலை விட்டதில் வருத்தமில்லையா என்று கேட்டேன்.

“மேல போற பலூனு ஒரு வெள்ளி. குச்சியில நிக்கிறது முப்பது காசு. எழுபது காசுதான் வித்தியாசம்” என்றார்.

2009-ல் அவர் காலமானார். அந்த எழுபது காசுக்குள் எவ்வளவு மின்சாரம், எவ்வளவு சோடா, எவ்வளவு உழைப்பு, எவ்வளவு பார்வை அடங்கியிருந்தது என்று கணக்குப் போட எனக்கு ஒரு பட்டம் தேவைப்பட்டது. அந்தக் கணக்கை நம்மவர் ஒவ்வொருவருக்கும் புரிகிற தமிழில் எழுதிக் கொடுப்பது பட்டம் வாங்கிய நம் வேலை. முதல் பக்கத்தை நான் எழுதி வைத்திருக்கிறேன். அச்சிட ஆள் வேண்டும். ஒட்டக் கை வேண்டும். வாருங்கள்.